நான்கு வண்டி, இரண்டு நாள், எந்த மலை? ஈரோட்டிலிருந்து ஒரு கணக்கு

நாங்கள் நான்கு பேர் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள். சித்தோட்டுக்காரனிடம் கிளாசிக் 350, பவானிக்காரனிடம் ஹன்டர் (இரண்டுமே ராயல் என்ஃபீல்டு பைக், பொதுவாகப் புல்லட் என்போம்), என்னிடம் பல்சர் 150, கணக்கு வாத்தியாராக இருக்கிறவனிடம் ஸ்பிளெண்டர். ஐந்தாவது ஆள் சித்தோட்டுக்காரனின் தாய்மாமன். வயது 56. எங்கே போவதென்றாலும் எங்களுக்கு முன்னால் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பவர் அவர்தான். வண்டி ஓட்டமாட்டார். பின்னால்தான் உட்காருவார், அதுவும் வாத்தியாருக்குப் பின்னால் மட்டும். “உங்க புல்லட்டெல்லாம் எனக்கு வேண்டாஞ்சாமி, வாத்தியார் வண்டியிலதான் கண்ண மூடிட்டு உக்காரலாம்” என்பார்.

ஜனவரி கடைசியில் ஒரு சனி, ஞாயிறு ஒழிந்தது. சனிக்கிழமை விடிகாலை கிளம்பி ஞாயிறு இருட்டுவதற்குள் வீடு. திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை. எந்த மலை என்று வாட்ஸாப்பில் ஓட்டெடுப்பு வைத்தோம். ஐந்து பேர் சேர்ந்து நான்கு மலைக்கு ஓட்டுப் போட்டோம், மாமா மட்டும் இரண்டு போட்டிருந்தார். அவரவர் சொன்ன காரணம் எல்லாம் ஒரே மாதிரி: கொல்லிமலையில் 70 பெண்டு (கொண்டை ஊசி வளைவு), வால்பாறையில் 40, ஊட்டி வட்டத்தில் கல்லட்டியில் 36 ஆனால் செங்குத்து, அதே வட்டத்தில் திம்பத்தில் 27, ஏற்காட்டில் வெறும் 20. ஜாதகத்தில் பொருத்தம் எண்ணுகிற மாதிரி பெண்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வேறொரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மதியம், முந்தின நாள் அலுப்போடு, எந்த மலையிலிருந்து இறங்கப்போகிறோம்? ஏறுவது யாருக்கும் பிரச்சினையில்லை. காலை நேரம், புது உற்சாகம், இன்ஜின்தான் கஷ்டப்படும். இறங்கும்போது கஷ்டப்படுவது நம் மணிக்கட்டும் பிரேக்கும். அதற்குமேல் நாளைக்கு வேலைக்குப் போகவேண்டுமே என்ற அவசரம்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய 100 சிசி வண்டியில் ஏற்காட்டிலிருந்து தனியாக இறங்கினேன். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் போட்டு, இன்ஜினையும் அணைத்துவிட்டு, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி மலைகூட இறங்கவில்லை, ஏதோ கருகுகிற வாசம். அடுத்த பெண்டில் மிதித்தால் கால் போய்க்கொண்டே இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. மலைப் பக்கத்து ஓடைக்குள் முன் சக்கரத்தை விட்டுத்தான் நிறுத்தினேன். ஹேண்டில் கோணிவிட்டது, முழங்கைத் தோல் வழண்டுவிட்டது. பின்னால் வந்த மினி லாரிக்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு, “ஏறுன கியர்லயே எறங்கோணும் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க இடது கையால்தான் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் கியரில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் பெட்ரோல் வரத்தே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். ஆக, அந்தப் பழைய சிக்கனத்தில் இப்போது சிக்கனமும் இல்லை.

சரி, மலைகளுக்கு வருவோம்.

ஏற்காட்டை முதலிலேயே கழித்துவிட்டேன். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், சுமார் 1,500 மீட்டர் உயரம், சாலையும் அகலம். அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கினால் ஒரே சாலையை இரண்டு தடவை பார்க்க வேண்டியதில்லை. புதிதாக மலை ஓட்டப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் எங்களுக்கு அது ஒருநாள் வேலை. காலையில் போய் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வீடு வந்துவிடலாம். அங்கே இரவு தங்கினால் மறுநாள் ஞாயிறு, சேலத்துக்காரர்கள் பாதிப்பேர் காரில் குடும்பத்தோடு மேலே வந்திருப்பார்கள். அத்தனை காரோடு சேர்ந்து இறங்குவது பைக் பயணமே இல்லை.

சித்தோட்டுக்காரன் கொண்டுவந்த திட்டம்தான் காகிதத்தில் பார்க்க மிக அழகு. ஒரு பெரிய வட்டம். சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாமராஜநகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு, மசினகுடி, அப்புறம் கல்லட்டி ஏறி ஊட்டி. மறுநாள் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி வீடு. இரண்டு மாநிலம், அடுத்தடுத்துப் புலிகள் காப்பகங்கள், மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேல். வட்டத்தை எந்தப் பக்கம் சுற்றுவது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. கல்லட்டியில் வெளியூர் வண்டிகள் ஏறலாம், இறங்க விடமாட்டார்கள். 2018-இல் ஒரு கார் அங்கே கவிழ்ந்து பள்ளத்தில் கிடந்ததே இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது. அந்தச் சரிவில் ஒரு தடவை ஏறிப் பார்த்தவர்களுக்கு அது நியாயம் என்று புரியும். முதல் கியரிலேயே இன்ஜின் முனகும்.

என் கேள்வியை வைத்துப் பார்த்தால் இந்த வட்டம் தேறிவிடும், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஞாயிறு இறங்குவது கோத்தகிரிச் சாலை. நீலகிரியிலிருந்து இறங்கும் வழிகளில் எனக்குப் பிடித்தது அது. குன்னூர் வழியைவிட நெரிசல் குறைவு, இறக்கமும் மெதுவானது. கோளாறு சனிக்கிழமையில்தான். அன்று ஒருநாளில் சுமார் 250 கிலோமீட்டர். அதில் முதலில் திம்பம். 27 பெண்டு ஒன்றும் பெரிய விஷயமில்லை, விஷயம் லாரிகள். நீளமான லாரி ஒன்று பெண்டில் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும், உள்பக்கம் மட்டும் ஒரு பைக் நுழைகிற இடம் தெரியும். அங்கே நுழையவே கூடாது. லாரியின் பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நின்று, லாரி முழுதும் திரும்பியதைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். அதனால் 27 பெண்டுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும். அதைத் தாண்டினால் ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரியை எதிர்பார்த்து யானை சாலையோரம் நின்றிருக்கும். அப்படி நின்றால் நாமும் காத்திருக்க வேண்டியதுதான், அங்கே நம் அவசரமெல்லாம் செல்லாது.

பந்திப்பூருக்குள்ளும் முதுமலைக்குள்ளும் வண்டியை எங்கேயும் நிறுத்தக்கூடாது. இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை பந்திப்பூர்ச் சாலையே மூடியிருக்கும். இத்தனையும் தாண்டிக் கல்லட்டி அடிவாரத்துக்கு வரும்போது மணி மூன்று, மூன்றரை ஆகியிருக்கும். அங்கிருந்துதான் இந்தப் பயணத்தின் ஆகக் கடினமான ஏற்றம். ஸ்பிளெண்டரில் டபுள்ஸ் ஏறினால் சில இடங்களில் மாமா இறங்கி நடக்கத்தான் வேண்டும். இதை நான் சொன்னதும் சித்தோட்டுக்காரன் தனியாக என்னிடம் மெதுவாக, “மாமாவ இந்த ஒரு தடவ மட்டும்...” என்று இழுத்தான். அதை எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் மாமா இதைப் படிக்கத்தான் போகிறார்.

தனித்தனி வண்டியில் நான்கு பேர், கையில் மூன்று நாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்த வட்டத்தைத்தான் சொல்வேன். இரண்டு நாளில் செய்தால் சாலையைத் தவிர ஒன்றும் நினைவில் இருக்காது. அப்புறம், ஜனவரி ஊட்டி. 2,240 மீட்டர் உயரம், விடிகாலையில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கிளட்சைப் பிடித்தால் விரல் மடங்காது. எட்டு மணி வெயில் வரும்வரை வண்டியைத் தொடாமல் இருப்பது நல்லது. வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது, கிளம்புவதற்கு முன்பே போனில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோக முடியாது, ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்பாறைக்கு ஓட்டுப் போட்டவன் நான்தான். ஓட்டுகிற சுகத்துக்கு இந்தப் பட்டியலில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டியதும் 40 பெண்டு. பெண்டுகள் அகலமானவை, தார் நன்றாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சுவிட நேரம் கொடுக்கும். வண்டி தானாகச் சாய்ந்து தானாக நிமிருகிற மாதிரி ஒரு தாளம் வந்துவிடும். ஒன்பதாவது பெண்டில் லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணைத் தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி கிடக்கும். அங்கே வரையாடுகள் தடுப்புச் சுவருக்கு மேல் ஏறி நிற்கும். போன தடவை ஒன்று என் வண்டிக்கு இரண்டு முழம் தள்ளி நின்று சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்மணி நம்முடையதுபோல் வட்டமாக இல்லை, படுக்கைவாட்டில் ஒரு கோடு மாதிரி இருக்கும். நம்மைப் பார்க்கிறதா, பள்ளத்தைப் பார்க்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. மேலே புதுத்தோட்டத்துப் பக்கம் சிங்கவால் குரங்குகள் மரத்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும். அங்கே வண்டியை உருட்டிக்கொண்டு போகிற வேகம் போதும்.

வால்பாறையில் யானை நடமாட்டத்தைச் சொல்லச் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் பக்கத்தில் யானை நின்றால் விளக்கு விட்டுவிட்டு எரியும். போன் மூலமாகவே அதை எரிய வைக்கலாம். தோட்டத் தொழிலாளர்கள் வீடு திரும்புவதற்காக வந்த ஏற்பாடு அது, ஆனால் நமக்கும் சேர்த்துத்தான். விளக்கு எரிந்தால் ‘கொஞ்சம் முன்னால போய்ப் பார்க்கலாம்’ என்ற பேச்சே வரக்கூடாது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் என் ஓட்டை நானே திரும்ப வாங்கினேன் என்றால், ஞாயிறு. வால்பாறையிலிருந்து ஈரோட்டுக்குக் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். அதில் முதல் பாதி மலை, காடு. இரண்டாம் பாதி பொள்ளாச்சியிலிருந்து பல்லடம், திருப்பூர் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்கால நெரிசல். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமென்றால் காலை பத்து மணிக்கே மேலிருந்து கிளம்ப வேண்டும். வால்பாறையில் காலை பத்து மணி என்பது மூடுபனி இப்போதுதான் விலகி, தேயிலைத் தோட்டம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற நேரம். வந்ததற்கு அடையாளமாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிற கதைதான். பவானிக்காரன் இதோடு மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்கலாம் என்றான். அப்படி இறங்கினால் சாலக்குடி. அங்கிருந்து ஈரோட்டுக்கு எப்போது வருவது என்று வாத்தியார் கேட்டதற்குப் பதில் வரவில்லை. 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் உண்டு என்பதையும் மறந்துவிடக்கூடாது.

கோவை, உடுமலைக்காரர்கள் இதைப் படித்தால் இந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போடலாம். உங்களுக்கு வால்பாறைதான். கொல்லிமலைக்கு வருகிற நேரத்தில் நீங்கள் இரண்டு தடவை வால்பாறை போய் வரலாம்.

எங்களுக்குக் கொல்லிமலை. திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அடிவாரம் வரை 90 கிலோமீட்டருக்குள்தான். ஐந்தரைக்குக் கிளம்பி, திருச்செங்கோட்டில் டீ, நாமக்கல்லில் இட்லி சாப்பிட்டால்கூட ஒன்பது மணிக்குள் காரவள்ளி செக்போஸ்ட்டில் இருக்கலாம். பெட்ரோலைச் சேந்தமங்கலத்திலேயே நிரப்பிவிடுவது நல்லது.

காரவள்ளியிலிருந்து 70 பெண்டு. ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். முதல் பத்து விளையாட்டாகப் போகும். நாற்பதுக்கு மேல் எண்ணைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவோம். பெண்டுக்கும் பெண்டுக்கும் நடுவில் இடம் குறைவு. மூன்றாவது கியர் போட்டு ஐந்து எண்ணுவதற்குள் மறுபடியும் முதல் கியருக்கு வரவேண்டும். வால்பாறைத் தாளமெல்லாம் இங்கே கிடையாது, கையும் காலும் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் புல்லட்காரர்களின் மூடநம்பிக்கை ஒன்றைச் சொல்லவேண்டும். ஸ்பிளெண்டர் மலை ஏறாது என்பார்கள். கிளாசிக் 350 எடை 195 கிலோ, ஸ்பிளெண்டர் 112 கிலோ. நடக்கிற வேகத்தில் வண்டியை முழுசாகத் திருப்ப வேண்டிய இடத்தில் அந்த 83 கிலோ வித்தியாசம் உங்கள் மணிக்கட்டில்தான் வந்து உட்காரும். போன தடவை ஒரு பெண்டில், கிளட்சை அவசரமாக விட்டு வண்டி ஆஃப் ஆகி, பக்கவாட்டில் சாய்ந்து கீழே போட்டது சித்தோட்டுக்காரன்தான். வாத்தியாரும் மாமாவும் அவனைத் தாண்டிப்போய் ஓரமாக நிறுத்திவிட்டு வந்து தூக்கிவிட்டார்கள். மெதுவாக ஏறும், ஆனால் ஸ்பிளெண்டர் ஏறும். டபுள்ஸ் வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் யோசிக்க வேண்டும்.

கொல்லிமலையில் குறைகளும் உண்டு. வால்பாறை மாதிரி திரும்பின பக்கமெல்லாம் காட்சி கிடைக்காது, பாதிச் சாலை மரத்துக்குள்ளேயே போகும். உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர்தான், ஊட்டிக் குளிரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். மேலே ஊர்களுக்கு நடுவில் சாலை குறுகல். வாரக் கடைசியில் ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு முழங்கால் தரையில் உரச இறங்குகிற பையன்கள் வருவார்கள், பெண்டில் நம் பக்கத்துக்கே வந்துவிடுவார்கள். ஹாரன் அடித்துக்கொண்டே இடது ஓரத்தில் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்ற விதி அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை போல. ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழா. ஓரி கடையேழு வள்ளல்களில் ஒருவன், இது அவன் ஆண்ட மலை. அந்த இரண்டு நாள் கூட்டத்தில் பைக் பயணம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் பாறை உருளும், அப்போதும் வேண்டாம். ஜனவரியில் இந்த இரண்டும் கிடையாது.

மேலே போனதும் சனிக்கிழமை மதியமே அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கையும் முடித்துவிட வேண்டும். இதில் நான் பிடிவாதம். அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேல் படிகள். இறங்கும்போது ஒன்றும் தெரியாது. ஏறி வந்ததும் தொடை இரண்டும் தனியாக ஆடும். பலபேர் இதை ஞாயிற்றுக்கிழமை காலை வைத்துக்கொண்டு, குளித்துவிட்டு, அந்தக் காலோடு நேராக வண்டியில் உட்கார்ந்து இறங்குகிறார்கள். பின் பிரேக்கை மிதிக்கிற கால் அதே கால்தான் என்பது அவர்களுக்குப் பாதி மலையில்தான் நினைவு வரும். சனிக்கிழமை முடித்துவிட்டால் செம்மேட்டில் ஒரு ராத்திரித் தூக்கம் இருக்கிறது, கால் திரும்ப நமக்கு வந்துவிடும்.

ஞாயிறு காலை அவசரமில்லை. சோளக்காட்டில் மலைவாழைப்பழம், மிளகு வாங்கிக்கொண்டு, பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு மெதுவாக இறங்கலாம். இறங்குவது காரவள்ளி வழியாக அல்ல, முள்ளுக்குறிச்சி வழியாக. அந்தப் பாதையில் பெண்டு குறைவு. 70 பெண்டு ஏறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அந்த 70-ஐயும் இறங்க வேண்டியதில்லை. வால்பாறையில் நமக்குக் கிடைக்காத சலுகை இது. கீழே வந்தால் ராசிபுரம், அங்கிருந்து திருச்செங்கோடு, வீடு. வழியில் ஒரு மணி நேரம் பஞ்சர் ஒட்டினாலும் வெளிச்சத்திலேயே ஈரோடு வந்துவிடலாம்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். இறங்கும்போது மாமா ஸ்பிளெண்டரில் உட்காரக்கூடாது, முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் இருக்கிற கிளாசிக்கில் உட்கார வேண்டும். இதை அவரிடம் யார் சொல்வது என்று நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் வாத்தியார்தான் போன் போட்டான். மாமா உடனே ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்க வேண்டும். அதோடு, அத்தையின் மூட்டுவலிக்கு இரண்டு கிலோ கிழங்கும் வாங்கிவர வேண்டும். அந்தக் கிழங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரோமம் போகாத ஆட்டுக்கால் மாதிரி பழுப்பு மயிரோடு இருக்கும், பையில் போட்டால் பையெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

“கெழங்க வாத்தியார் வண்டியில கட்டிருங்க, என்னைய எங்க வேணா கட்டுங்க” என்றாராம்.